அடுக்கக வீட்டுக்குள் மெல்லிலைப் பாம்புச் செடி: மண், தண்ணீர், வெளிச்சம் பற்றிச் சில ஐயங்கள்

நங்கநல்லூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் இரண்டாம் தளத்தில் ஒரு அடுக்கக வீட்டில் வசிக்கிறோம். கணவரும் நானும் காலையில் அலுவலகம் கிளம்பினால் திரும்புவதற்குள் இருட்டிவிடும். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் என் மாமியார் மட்டுமே. கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து மூலை வெறுமையாக இருக்கிறதே என்று, ஈசிஆர் சாலையோர நர்சரி ஒன்றில் ஒரு பாம்புச் செடி வாங்கி வந்தேன். எல்லா அலுவலக வரவேற்பறைகளிலும் பார்க்கிற அகன்ற இலை வகை அல்ல இது. இலைகள் விரல் அகலம்தான் இருக்கும். உட்புறம் குழிந்தும் வெளிப்புறம் உருண்டும், அடியிலிருந்து விசிறிபோல் நாலாபக்கமும் விரிந்தும், கரும்பச்சையில் குறுக்குக் கோடுகளோடு முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. பையில் செருகியிருந்த சீட்டில் ‘ஃபெர்ன்வுட்’ என்று எழுதியிருந்தது.

விற்றவர், “தண்ணியும் வேணாம், வெயிலும் வேணாம், வெச்ச இடத்துல இருக்கும்மா” என்றார். அதை அப்படியே நம்பலாமா என்பதுதான் என் முதல் ஐயம். செடி இப்போது கறுப்புப் பையில், இறுகிப்போன செம்மண்ணில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா, அல்லது பையோடு ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கிவிடலாமா? அந்தத் தொட்டியின் அடியில் துளை கிடையாது. என் மாமியார் துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுபவர். இதற்கும் அன்போடு ஊற்றிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொன்னால் நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுவேன்.

இரவிலும் பிராணவாயு விடும் செடி என்பதால் படுக்கையறையில் வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையானால் கூடத்தை விட்டுப் படுக்கையறைக்கே மாற்றிவிடலாம் என்று கணவர் சொல்கிறார். வார இறுதியில் நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை வந்து போகும் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரம்பூர் மாடித்தோட்டம் எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தச் செடி பட்டினியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. தண்ணீரைத் தன் தடித்த இலைகளிலும் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்வதால், நீங்கள் ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தாலும் அது வாடாமல் இருக்கும். ஆனால் வேர்களைச் சுற்றி ஈரம் தேங்கிக் காற்றோட்டம் நின்றுபோனால், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் அடியில் அழுகத் தொடங்கிவிடும். இலை மஞ்சளாகி அடிப்பகுதி கொழகொழவென்று ஆகும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் கிழங்கின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். மெல்லிய இலை வகைகளுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் அகன்ற இலைக்காரருக்கு இருக்கும் சேமிப்புச் சதை இவற்றுக்குக் குறைவு. அழுகல் அடியிலிருந்து நுனிக்கு ஏறுவதற்கு அதிக நாள் எடுக்காது.

ஆகவே பையோடு பீங்கான் தொட்டிக்குள் இறக்குவதை நான் ஏற்க மாட்டேன். நர்சரியில் செடி திறந்த வெளியில், காற்றும் வெயிலும் படும் இடத்தில் இருக்கிறது. அங்கே களிப்பான செம்மண்கூட ஓரிரு நாளில் காய்ந்துவிடும். நம் கூடத்தில், அதுவும் சென்னையின் ஈரப்பதத்தில், அதே மண் பத்து நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். பையைக் கத்தரியால் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டியைக் கையால் மெல்ல உதிர்த்து, கிழங்கை ஒரு முறை பாருங்கள். நல்ல கிழங்கு கெட்டியாக, வெளிர் மஞ்சளாகவோ இளம் ஆரஞ்சாகவோ இருக்கும். பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கி, புளித்த வாடை வந்தால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வைத்து, பிறகு நடுங்கள்.

மண் கலவைக்கு என் வழக்கம்: பாதி அளவு கரடான மணல், செங்கல் சல்லி இரண்டும் சேர்த்து, மீதிப் பாதியில் செம்மண்ணும் மண்புழு உரமும் சரிசமமாக. மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்து, மாவான தூளை நீக்கிவிட்டு, பெரிய மணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தென்னை நார்க் கழிவை எல்லாவற்றுக்கும் போடுகிற பழக்கம் இப்போது பரவிவிட்டது. கீரைக்கும் தக்காளிக்கும் அது நல்லதே, ஆனால் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருளை வீட்டுக்குள் இருக்கும் பாம்புச் செடிக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லியைப் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். நுண்மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுவதும் ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். அதனால் ஈரம் தேங்கும் பட்டை கிழங்கை நோக்கி மேலே ஏறிவிடுகிறது. சல்லியை அடியில் அடுக்காமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். துளையின் மேல் மண் ஒழுகாதிருக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் மட்டும் அகலமாக. பெரிய தொட்டி வைத்தால் செடி பெரிதாகும் என்பது இதனிடம் செல்லாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம்தான் மிஞ்சும். பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறதென்றால் மண் தொட்டியை அதற்குள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, முழுதாக வடிந்த பிறகே திரும்ப வைக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்விக்கு நாட்காட்டி உதவாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் பெய்கிற அந்த மூன்று மாதங்களில், எங்கள் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகள் மாதக் கணக்கில் தண்ணீர் காணாமலே இருக்கும். கத்திரி வெயிலில், மின்விசிறி நாள் முழுவதும் ஓடும் அறையில், அதே தொட்டி பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ந்துவிடும். துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, கால் மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தாலோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிந்தாலோ ஊற்ற வேண்டாம். சுத்தமாக வந்தால், அடித்துளையில் வடியும்வரை ஒரே தடவையாக நிறைய ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் என்பதுதான் இதைக் கொல்லும். உங்கள் மாமியாரைத் தடுப்பதைவிட அந்த ஈர்க்குச்சியை அவர் கையிலேயே கொடுத்து, “அத்தை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று பொறுப்பை ஒப்படைத்துவிடுவது மேல். துளசியைத் தினமும் கவனிக்கிறவர் இதையும் நம்மைவிட நன்றாகவே கவனிப்பார்.

மடிப்பாக்கம் பால்கனி எழுதுகிறார்:

மேலே சொன்ன மண் பற்றிய கருத்துகளில் எனக்கு மாறுபாடில்லை. ‘வெயில் வேண்டாம்’ என்பதை யாரும் மறுக்கவில்லையே என்றுதான் எழுதுகிறேன். நிழலில் சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. தொலைக்காட்சி மூலை பகலிலும் விளக்குப் போடவேண்டிய அளவுக்கு இருண்டிருந்தால், புதிதாக வரும் இலைகள் நீண்டு மெலிந்து, நிற்கத் தெம்பில்லாமல் பக்கத்தில் சாயும். குறுக்குக் கோடுகளும் மங்கி, எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். இந்த வகையின் அழகே அந்தக் கட்டுக்கோப்பான நிமிர்வில்தான் இருக்கிறது என்பதால், சாய்ந்த பிறகு கயிறு கட்டி நிறுத்துவது பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

சன்னலிலிருந்து நான்கைந்து அடிக்குள், பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் போதும். கிழக்குச் சன்னல் கிடைத்தால் காலை வெயில் நேரடியாகப் பட்டாலும் குற்றமில்லை. மேற்குப் பக்க பால்கனியை மட்டும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். செடி வெயிலுக்குப் பழகக்கூடியதுதான், ஆனால் மாதக்கணக்கில் கூடத்தில் இருந்ததை மே மாதத்தில் திடீரென்று மாலை வெயிலுக்குத் தள்ளினால் இலைகள் வெளுத்துக் கருகும். கருகிய இடம் மீண்டும் பச்சையாகாது. இலை ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் செடியில் இருப்பது என்பதால் அந்தத் தழும்பையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் எழுதுகிறார்:

அம்மா, படுக்கையறைப் பிராணவாயுச் செய்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதில் ஓர் உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு தவறான முடிவுக்குப் போயிருக்கிறார்கள்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொள்ளும். பாம்புச் செடியோ வறண்ட நிலத்துச் செடி. பகலில் துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும் என்பதால், அவற்றை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமிலவாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து, விடிந்து வெளிச்சம் வந்ததும் அதிலிருந்து சர்க்கரை தயாரிக்கிறது. கள்ளி வகைகளும் அன்னாசியும் இதே வழியில்தான் பிழைக்கின்றன. இதுவரை சொன்னது உண்மை. ஆனால் பிராணவாயு என்பது ஒளியின் உதவியால் நீர் மூலக்கூறு பிளக்கும்போது வெளிவருவது. இருட்டில் அந்த வேலை நடப்பதில்லை. ஆகவே இரவில் இந்தச் செடி கரியமிலவாயுவை உள்வாங்குகிறது என்று சொல்லலாம். பிராணவாயுவைப் பொழிகிறது என்று சொல்லக் கூடாது. உள்வாங்கும் அளவும் ஒரு மனிதர் உறங்கும்போது வெளிவிடுவதோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதல்ல. படுக்கையறையில் வைப்பதால் கெடுதலும் இல்லை, குறிப்பிடத்தக்க நன்மையும் இல்லை.

காற்றைத் தூய்மையாக்கும் என்பதும் இதேபோலத்தான். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு 1989-இல் அறிக்கையாக வந்தது. பாம்புச் செடியும் அதில் சோதிக்கப்பட்டது. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகள் குறைந்ததும் மெய். ஆனால் அச்சோதனை காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. நம் வீட்டில் சன்னலும் கதவிடுக்கும் வழியாகவே காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. இத்தகைய 12 ஆய்வுகளின் 196 சோதனைகளை அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமென்றால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை வைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் முடிவு. பத்துக்குப் பத்து அறையில் அத்தனை தொட்டி வைத்தால் கட்டிலுக்கு இடமேது? சன்னலைத் திறந்து வைப்பதே எளிது. கொசு வலை அடித்திருந்தால் இன்னும் நல்லது.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதன் இலையில் சப்போனின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. கடித்து மென்றால் வாய் எரிச்சல், குமட்டல், வாந்தி வரலாம். பூனை, நாய்களுக்கும் அப்படியே. உயிருக்கு ஆபத்தான நஞ்சு அல்ல என்றாலும் இரண்டு வயதுக் குழந்தை கைக்கெட்டாத உயரத்தில் வைப்பதே முறை. வேறொரு காரணமும் உண்டு. இந்த மெல்லிலை வகைகளின் நுனி கூர்மையானது. தரையில் வைத்தால் அந்த நுனிகள் சரியாகத் தவழும், தத்தி நடக்கும் பிள்ளையின் கண்மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றிவிடுங்கள்.

பெயர்ச்சீட்டுகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பாம்புச் செடிகளின் அறிவியல் பெயரான சன்சிவேரியா என்று நெடுங்காலம் தனிப் பேரினமாக இருந்ததை, மரபணு ஒப்பீடுகளுக்குப் பிறகு டிரசீனா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். நர்சரிகளில் இரண்டு பெயரும் புழங்கும், குழம்ப வேண்டாம். ஃபெர்ன்வுட் என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் பர்வா, சஃப்ரூட்டிகோசா என்ற இரு இனங்களின் கலப்பு என்று கருதப்படுகிறது. இதைவிட மெலிதாக, குச்சி குச்சியாக நிற்கும் மிகாடோ என்ற வகையும், பெருவிரல் பருமனுக்கு உருண்ட இலையுள்ள சிலிண்ட்ரிக்கா வகையும் இதே பராமரிப்பில் வளரும். ஆப்பிரிக்காவைத்தான் சொல்கிறேனே தவிர, நம் ஊருக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. சோழமண்டலக் கரையோர உலர் புதர்க்காடுகளில் முட்செடிகளின் அடியில் படர்ந்து கிடக்கும் மருள் இதன் நெருங்கிய உறவு. அதன் நாரில்தான் முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். கடலோர மணலிலும் புதர் நிழலிலும் அது வளர்வதைப் பார்த்தவர்களுக்கு, வடியும் மண்ணும் வடிகட்டிய வெளிச்சமும் என்று மேலே இருவரும் சொன்னதற்குத் தனியாகச் சான்று தேவைப்படாது.

நங்கநல்லூர்வாசி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. பையைக் கிழித்துப் பார்த்தேன்; கிழங்கு கெட்டியாகவே இருக்கிறது, பக்கத்தில் ஒரு குருத்தும் கூராக முளைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டூலின் மேல், கிழக்குச் சன்னலுக்குப் பக்கத்தில் என்று முடிவாகிவிட்டது. ஈர்க்குச்சி யோசனை மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போய், மற்ற தொட்டிகளிலும் செருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் குழாயில் வருகிறது. வாளியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றலாமா? இரண்டாவது, என் தங்கை ஒரு இலையைக் கேட்கிறாள். தண்ணீரில் போட்டு வைத்தால் வேர் விடும் என்று யூடியூபில் பார்த்தாளாம்.

திருவான்மியூர்க்காரர் எழுதுகிறார்:

தண்ணீர்க் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்; கடற்கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்பு நீரோடு போராடுவதே தோட்டக்கலையின் பாதி.

ஆர்ஓ கழிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். குடிக்கும் நீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்து போகிறது. ஏற்கெனவே உப்பான கிணற்று நீரைவிட அது மோசம். தரையில் நட்ட மரத்துக்கு மழை வந்து உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். தொட்டிக்கு, அதுவும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு, அந்த மழை இல்லை. இது மிகக் குறைவாகத் தண்ணீர் ஊற்றப்படும் செடி என்பதால் பாதிப்பு தெரிய நாளாகும், ஆனால் தெரியத்தான் செய்யும்: மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூக்கும், இலை நுனிகள் பழுப்பாகிக் காயும். அந்த நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல மாற்று ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். ஏசியின் வடிகுழாயில் சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்வது. அதில் உப்பு அநேகமாக இல்லை. ஒரு வாளியை வைத்துப் பிடித்து, குளிர் தணிந்த பிறகு ஊற்றலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் ஓர் இரவு ஏசி ஓடினாலே ஒரு பாம்புச் செடிக்குத் தேவையானதைவிட அதிகம் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் செடியை ஒரு நாள் மாடிக்கு எடுத்துச் சென்று நல்ல மழையில் நனையவிட்டால், சேர்ந்த உப்பெல்லாம் அடித்துளை வழியே கழுவிக்கொண்டு போய்விடும். இலைமேல் படிந்த தூசியும் போகும். ஆனால் அடுத்த நாளே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும், நவம்பர் மாதம் முழுவதும் மாடியில் கிடக்கவிடக் கூடாது.

தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் வேருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கேடு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தேக்கங்களில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு நம் வெப்பநிலையில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த தட்டின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெரம்பூர் மாடித்தோட்டம் எழுதுகிறார்:

தங்கைக்கு இலையைவிடக் குருத்தைக் கொடுப்பதே நல்லது, சகோதரி. இலையை வெட்டி நட்டால் வேர் விடும் என்பது சரிதான், ஆனால் அதிலிருந்து புதுக் குருத்து எழும்பப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பெரும்பாலானோர் பொறுமையிழந்து தினமும் பிடுங்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீரில் வேர் விட்ட இலை மண்ணுக்கு மாற்றும்போது அழுகுவதும் உண்டு. இலையில்தான் தொடங்குவேன் என்றால், வெட்டுவாயை இரண்டு நாள் காயவிட்டு, எந்த முனை அடியில் இருந்ததோ அதே முனையை மணலில் செருகச் சொல்லுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது. மெல்லிலை வகையில் இரண்டு முனையும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது முளைத்திருக்கும் குருத்து தாயின் உயரத்தில் பாதி வந்து, தனக்கென்று வேர் விட்ட பிறகு, கிழங்கின் இணைப்பை வெட்டிப் பிரித்து ஒரு சிறு தொட்டியில் நட்டுக் கொடுத்துவிடலாம். சித்திரை, வைகாசியில் பிரித்தால் சீக்கிரம் வேர் பிடிக்கும்; மழைக்காலத்தில் பிரிப்பதைத் தவிருங்கள். கூடவே ஓர் ஈர்க்குச்சியும் கொடுத்தனுப்புங்கள்.